மறு: வெந்நீர் சூடாகவும் சில்லென்றும் மாறி மாறி வருவதற்கு ஒரு சொல் (நாளை மாலைக்குள்)

அன்புள்ள குழுவினருக்கு,
காம்பி பாய்லர் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன். தொட்டியில் சேர்த்து வைக்காமல், குழாயைத் திறந்ததும் நீரைச் சூடாக்கித் தரும் கருவி. அந்த நீர் ஒரு நேரம் சுடுகிறது, ஒரு நேரம் குளிர்கிறது. 'வெப்பநிலை ஏற்ற இறக்கம்' என்று எழுதினால் பழுது அட்டவணையின் கட்டத்தில் அடங்கவில்லை. நாளை மாலை கெடு.

---

'வெப்ப அலைவு' போதுமே. ஊசலுக்குப் பள்ளியிலேயே படித்த சொல்தான்.

---

தொல்காப்பிய உரியியல் இருக்க நாம் ஏன் அலைய வேண்டும்? 'அலமரல் தெருமரல் ஆயிரண்டும் சுழற்சி'. ஆகவே 'வெப்ப அலமரல்'. அலை, அலம்பு, அலமரு மூன்றும் ஒரே வேர் என்பது என் துணிபு. விரிவாகப் பிறகு எழுதுகிறேன். அப்புறம், கொதிகலன் என்பதும் பிழை. அதில் நீர் கொதிப்பதே இல்லை. 'வெந்நீர்க்கலன்' என்க. 'சுடுதண்ணீர்' என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். தண்மையுள்ள நீர் எப்படிச் சுடும்?

---

எள்ளின் நெய்தான் எண்ணெய். மண்ணெண்ணெயை என்ன செய்யலாம், ஐயா?

---

நான் இந்தக் கருவிகளைப் பழுதுபார்ப்பவன். அலமரல் என்று எழுதினால் வீட்டுக்காரர் என்னை விட்டுவிட்டு மருத்துவரைக் கூப்பிடுவார். அதை விடுங்கள், நீங்கள் சொல்வது ஒரே சிக்கல் அல்ல. குழாயைக் கொஞ்சமாகத் திறந்தால், பர்னர் எவ்வளவு தணிந்து எரிந்தாலும் அந்த நீருக்கு அது அதிகம். எல்லை மீறியதும் அணையும், ஆறியதும் பற்றும். வெப்பமாற்றித் தகடுகளில் சுண்ணாம்பு படிந்தாலும் இதே கதை. ஆனால் குழாயை மூடி உடனே திறந்தால் நடப்பது வேறு. குழாயில் மிஞ்சிய வெந்நீர் முதலில் வரும், பர்னர் பற்றுவதற்குள் கடந்துவிட்ட குளிர்நீர் நடுவில், பிறகு மறுபடி வெந்நீர். இது பழுதே இல்லை, கருவியின் இயல்பு. இரண்டுக்கும் ஒரே சொல் வைத்தால் தேவையில்லாமல் என்னைத்தான் அழைப்பார்கள்.

---

நடுவில் வருவதற்கு 'குளிர்நீர் இடைச்செருகல்'! சுவடி பதிப்பிப்பவர்கள் சண்டைக்கு வராவிட்டால்.

---

ஈழத்து வழக்கில் 'தளம்பல்' உண்டு. விலைத் தளம்பல் என்று செய்தியிலேயே வரும். 'வெப்பத் தளம்பல்' என்றால் யாருக்கும் விளங்கும்தானே?

---

தளும்பலின் திரிபு அது. நிறைகுடம் தளும்பாது. குழாயை நிறைத்து ஓடும் நீர் எங்கே தளும்பும்?

---

தளம்புவது நீர் இல்லை ஐயா, சூடு.

---

எனக்கும் தளம்பல் சரி. கட்டத்தில் அடங்கும்.

---

எல்லாருக்கும் நன்றி. பழுதுக்கு 'வெப்பத் தளம்பல்', நடுவில் வரும் நீருக்கு 'இடைக்குளிர்' என்று போட்டு அனுப்பிவிட்டேன். கொதிகலனில் கை வைக்கவில்லை.

---

என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். வெந்நீர்க்கலனுக்குத் தனி இழை தொடங்குகிறேன்.