ஈரல் தட்டைப்புழு மருந்துக்கு அடங்காவிட்டால் அதற்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம். செவிலியர் வகுப்புக்கான ஒட்டுண்ணியியல் கையேடு ஒன்றை மொழிபெயர்க்கிறேன், வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ஃபாசியோலா என்ற ஈரல் தட்டைப்புழுவுக்கு முதல் மருந்து ட்ரைக்ளாபெண்டசோல். அதைத் தின்றும் புழு சாகாத தன்மையை 'மருந்து எதிர்ப்பு' என்று எழுதினேன். மெய்ப்புப் பார்த்தவர் "நோயாளி மருந்து வேண்டாம் என்கிறாரா?" என்று ஓரத்தில் எழுதிவிட்டார். 'தடுப்பூசி எதிர்ப்பு' என்றால் அப்படித்தானே படிக்கிறோம். நல்ல சொல் தாருங்கள்.

---

அன்புடையீர், 'எதிர்' என்பதற்கு அடிப்படைப் பொருள் முன்புறம்தான், பகை அன்று. விருந்தினரை எதிர்கொள்கிறோம், எதிர்காலம் என்கிறோம், இவற்றில் சண்டை எங்கே இருக்கிறது? புழு மருந்தோடு போரிடவில்லை, அதற்கு இணங்காமல் இருக்கிறது, அவ்வளவே. கல்லாமை, கொல்லாமை போல எதிர்மறைத் தொழிற்பெயராக 'மருந்து மசியாமை' என்க. மருந்துக்கு மசியாமை, நான்காம் வேற்றுமைத் தொகை. தூய தமிழ், கேட்டவுடன் விளங்கும்.

---

புலவர் ஐயா, 'பூச்சி எதிர்ப்பு இரகம்' என்றால் பூச்சியைத் தாங்கும் பயிர் என்று உழவர்களுக்கு உடனே புரிகிறது. புழு மட்டும் என்ன பாவம் செய்தது? நான் கால்நடை மருத்துவன். இந்தச் சிக்கல் ஆட்டில் தொடங்கியது, ஆஸ்திரேலியச் செம்மறிகளில் 1995இலேயே பதிவானது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்பப் புகட்டினால் அதைத் தாங்கிய புழுக்களே மிஞ்சி முட்டையிடும். நத்தைக்குள் போன ஒரு லார்வா அங்கேயே நூற்றுக்கணக்கில் பெருகி வெளியே வரும், அத்தனையும் ஒரே வார்ப்பு. இவ்வளவும் நடக்கும்போது 'மசியாமை' என்றால் ஏதோ பிடிவாதக் குழந்தையைச் சொல்வதுபோல இருக்கிறது.

---

இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். 'நோய் எதிர்ப்புச் சக்தி' எல்லாருக்கும் பழகிய தொடர், ஆகவே 'மருந்து எதிர்ப்பு' என்றால் அது நோயாளியின் உடம்பில் இருப்பதாக நினைக்கிறார்கள். "உடம்புக்கு மருந்து பழகிப்போச்சு டாக்டர்" என்று என்னிடமே சொல்வார்கள். மாறியது உடம்பு இல்லை, புழு. அதைவிடப் பெரிய குழப்பம், குணமாகாத எல்லாவற்றையும் இந்தச் சொல்லுக்குள் தள்ளுவது. வெறும் வயிற்றில் சாப்பிட்டால் ட்ரைக்ளாபெண்டசோல் சரியாக உடம்பில் சேராது, உணவோடு கொடுக்க வேண்டும். அப்படிக் கொடுக்காமல் தோற்றால் குற்றம் புழுவுடையது அல்ல. தாய்லாந்தின் வடகிழக்கில் பிராசிகுவாண்டல் என்ற புழு மருந்தால் குணமானவர் மறுபடி வேகவைக்காத மீன் தின்று ஒபிஸ்தோர்கிஸ் என்ற இன்னொரு ஈரல் தட்டைப்புழுவை வாங்கி வந்தால் அது மறுதொற்று. பெரு நாட்டின் குஸ்கோவில் பல சுற்று மருந்துக்குப் பிறகும் ஃபாசியோலா போகாத நோயாளிகள் இருந்திருக்கிறார்கள், அங்கேதான் இந்தச் சொல் உண்மையிலேயே தேவை. ஃபாசியோலாவுக்கு பிராசிகுவாண்டலும் சரியாக வேலை செய்யாது என்பதால், இருக்கும் ஒரு மருந்து கைவிட்டால் மாற்று மிகக் குறைவு. 'புழுவின் மருந்தெதிர்ப்பு' என்று புழுவைச் சேர்த்தே எழுதுங்கள்.

---

சேர்த்து எழுதினால் குற்றியலுகரம் கெட்டு மருந்தெதிர்ப்பு என்றாவது, புணர்ச்சி சரி. ஆனால் 'ஈரல்' மட்டும் போதாது, நுரையீரலும் மண்ணீரலும் ஈரல்தான், 'கல்லீரல் தட்டைப்புழு' என்று முழுமையாக எழுதுக. தட்டை என்பதைவிட இலைப்புழு என்பது வடிவுக்குப் பொருத்தம் என்பது என் நெடுநாள் கருத்து.

---

ஐயா, இலைப்புழு என்றால் இலையைத் தின்னும் புழு என்று எடுத்துக்கொள்வார்கள். இப்போது அதைத் தொடங்க வேண்டாமே.

---

நன்றி. 'கல்லீரல் தட்டைப்புழுவின் மருந்தெதிர்ப்பு' என்று வைக்கிறேன். காரணம் எதுவானாலும் குணமாகாததற்கு 'சிகிச்சை பலிக்காமை', திரும்ப வருவதற்கு 'மறுதொற்று'. மூவர் இதற்குச் சரி என்று தனிமடலில் சொன்னார்கள்.

---

பலிக்காமைக்கு இடம் கொடுத்தீர், மசியாமைக்கு மட்டும் ஏன் இல்லை? சொல்லடைவிலாவது சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். 'எதிர்ப்பு' தவறு என்ற என் கருத்தில் மாற்றமில்லை.