பாரிஸின் துர்கோ வரைபடம்: தனித்தாள் ஒன்றின் காலத்தை அறிவது எப்படி?

கேள்வி

வணக்கம். துர்கோ வரைபடம் எனப்படும் பாரிஸ் நகரத்துப் பறவைப் பார்வைப் படத்தின் ஒரு தாள், நோத்ருதாம் பேராலயம் அமைந்த தீவைக் காட்டுவது, அண்மையில் என் கைக்கு வந்திருக்கிறது. இது 1739இல் வெளியான முதல் அச்சுதானா என்பதை நானே சரிபார்க்க வழி உண்டா? இன்றைய வரைபடத்தின் மீது வைத்துப் பார்த்தால் தெருக்கள் பொருந்தவில்லை என்பதும் எனக்குப் புதிராக இருக்கிறது. தாள் சுருங்கியதால் இப்படி நேர்ந்ததா, வரைந்த முறையே அப்படியா?

மறுமொழி 1

படத்தைப் பார்த்து மட்டும் காலத்தைச் சொல்லிவிட முடியாது. க்ளோத் லூக்கா செதுக்கிய செப்புத் தகடுகள் இன்றும் லூவ்ரு அருங்காட்சியகத்தின் பொறுப்பில் இருக்கின்றன. அவற்றிலிருந்து பிற்காலத்திலும் அச்சுகள் எடுக்கப்பட்டுள்ளன. ஆகவே தாளைத்தான் ஆராய வேண்டும். வெளிச்சத்துக்கு எதிரே பிடித்தால், அக்காலத்தில் கையால் செய்த தாளில் நெருக்கமான மெல்லிய கோடுகளும் அவற்றைக் குறுக்கே வெட்டும் இடைவெளிவிட்ட கோடுகளும் தெரியும். கோடே இல்லாமல் சீராக இருந்தால் அது பிற்காலத் தாள் என்று கொள்ளலாம். ஆனால் கோடுகள் இருப்பதாலேயே பழையது என்று உறுதி கொள்ள வேண்டாம், பின்னாளிலும் அப்படிப்பட்ட தாள் செய்யப்பட்டது. முதல் அச்சு கட்டிய தொகுதிகளாக வெளியானதால் நடுவில் மடிப்பு இருக்கிறதா என்றும் பாருங்கள். உருப்பெருக்கியில் புள்ளிகளாகத் தெரிந்தால் அது வெறும் ஒளிப்பட நகல்.

மறுமொழி 2

தெருக்கள் பொருந்தாததற்குத் தாள் காரணமன்று. நகராட்சித் தலைவராக இருந்த மிஷேல் எதியென் துர்கோ 1734இல் இப்பணியை லூயி ப்ரெத்தேயிடம் ஒப்படைத்தார். மாளிகைகளுக்குள்ளும் தோட்டங்களுக்குள்ளும் நுழைந்து அளந்து வரைய அவருக்கு அனுமதி அளிக்கப்பட்டிருந்தது. தொலைவு கூடக் கூட உருவம் சிறுக்கும் இயல்பான காட்சியை விட்டுவிட்டு, அருகில் உள்ள வீட்டையும் கோடியில் உள்ள வீட்டையும் ஒரே அளவில் காட்டும் முறையை அவர் எடுத்துக்கொண்டார். அம்முறையில் முன்வரிசைக் கட்டடங்கள் பின்னால் உள்ள தெருவை மறைத்துவிடும் என்பதால், தெருக்களை உண்மையை விட அகலமாக்கினார். மேற்பக்கம் வடக்கு என்று எண்ணிப் பொருத்தியிருந்தால் குழப்பம் இன்னும் கூடியிருக்கும். இப்படத்தில் மேலே இருப்பது தென்கிழக்கு. இந்தத் திசைத் தேர்வு எனக்கு மிகவும் பிடித்தது, ஏனெனில் மேற்கு நோக்கிய நோத்ருதாமின் முகப்பு அதனால்தான் நம்மைப் பார்த்தபடி நிற்கிறது. நீளத்தை அளக்க இதைப் பயன்படுத்தாதீர்கள். எந்த இடத்தில் என்ன கட்டடம் இருந்தது என்பதற்கு இதைவிட நல்ல சான்று கிடைப்பது அரிது.

மறுமொழி 3

உங்கள் தாளில் நோத்ருதாம் பாலமும் இருந்தால் அதைக் கூர்ந்து பாருங்கள். இருபுறமும் ஒரே மாதிரியான வீடுகள் இடைவெளியின்றி நிற்பதால், அதன் மேல் நடந்து போனவர்களுக்குச் சேன் ஆறு தெரிந்திருக்க வழியில்லை. அந்த வீடுகள் 1786இல் இடிக்கப்பட்டன. வீடுகளே இல்லாமல் 1607இல் முடிக்கப்பட்ட போன் நெஃப் பாலத்தோடு ஒப்பிட்டால் வேறுபாடு நன்கு விளங்கும்.

அச்சின் காலத்தைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். செப்புத் தகடு பயன்படப் பயன்படத் தேயும். முதலில் மங்குவது நிழலுக்காக இட்ட மெல்லிய கோடுகள்தாம். முழுப் படத்தின் இருபது தாள்களும் இணையத்தில் உயர்தரப் படிமங்களாகக் கிடைக்கின்றன. கூரைகளின் நிழற்பக்கத்தை அவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, தாளின் நான்கு ஓரங்களையும் படமெடுத்து இங்கே இடுங்கள்.