புதிதாகத் தொடங்கும் இணையத் தொழிலில் இனியும் காசு பார்க்க முடியுமா?

புதுத்துடுப்பு:
பதினோரு வருடமாக மாதச் சம்பள வேலை. ஒன்றரை வருடம் வீட்டுச் செலவைத் தாங்கும் அளவுக்குச் சேமிப்பு இருக்கிறது. வேலையை விட்டுவிட்டு இணையத்தில் சொந்தமாக ஏதாவது தொடங்கலாமா என்று யோசிக்கிறேன். மனதில் இரண்டு திட்டங்கள். ஒன்று, இசைக் கருவிகளை எப்படித் தேர்ந்தெடுப்பது, எப்படிப் பராமரிப்பது என்று விளக்கும் தளம், வருமானம் விளம்பரத்திலிருந்து. இன்னொன்று, வீட்டில் இசை சொல்லிக்கொடுக்கும் ஆசிரியர்களுக்கு ஒரு சின்ன மென்பொருள். யாருக்கு எப்போது வகுப்பு, யார் கட்டணம் பாக்கி, யார் இந்த வாரம் வரவில்லை என்று பார்த்துக்கொள்வதற்கு. என் அக்கா இருபது வருடமாகப் பாட்டு சொல்லிக்கொடுக்கிறார். இதெல்லாம் இன்னும் நோட்டில்தான் எழுதி வைக்கிறார்.

யாரைக் கேட்டாலும் "அந்தக் காலம் முடிந்துவிட்டது, பெரிய நிறுவனங்கள் எல்லாவற்றையும் வளைத்துவிட்டன" என்கிறார்கள். அது உண்மையா?

பழையதளம்:
உண்மைதான். அனுபவித்தவன் சொல்கிறேன்.

2009-ல் ஒரு தகவல் தளம் தொடங்கினேன். நாலு வருடம் இரவெல்லாம் எழுதினேன். அப்புறம் ஐந்து வருடம் அதுதான் எங்கள் குடும்பத்துக்குச் சோறு போட்டது. ஒரு நாள் தேடுபொறி தன் வரிசைமுறையை மாற்றியது. ஒரே வாரத்தில் வந்துகொண்டிருந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கு பேர் காணாமல் போனார்கள். என்ன தவறு செய்தேன் என்று யாரும் சொல்லவில்லை, கேட்கவும் ஆளில்லை. மிச்சமிருந்த வாசகர்களையும் இப்போது செயற்கை நுண்ணறிவு நிறுத்திக்கொள்கிறது. கேள்வி கேட்டால் தேடல் பக்கத்திலேயே பதில் வந்துவிடுகிறது, என் தளம் வரை யார் வரப்போகிறார்கள்?

2023-ல் கூகுளின் தாய் நிறுவனமான ஆல்ஃபபெட்டின் விளம்பர வருமானம் ஏறக்குறைய 23,800 கோடி டாலர். ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெட்டாவுக்கு ஏறக்குறைய 13,200 கோடி. புதிதாகத் தொழில் தொடங்குபவர் வாடிக்கையாளரைத் தேடிக் கொடுக்கும் பணமும் இதில்தான் போய்ச் சேருகிறது. செயலிகளை விற்கும் ஆப் கடைகள் 30 சதவீதம் வரை கழிவாக எடுத்துக்கொள்கின்றன. நீங்கள் உழைப்பீர்கள், வாசலில் நிற்பவர் வசூலிப்பார்.

அந்த மெட்டாவுக்கே என்ன நடந்தது என்று பாருங்கள். 2021 ஏப்ரலில் ஆப்பிள் ஐபோனில் ஒரு மாற்றம் செய்தது. பயனர் அனுமதித்தால்தான் ஒரு செயலி அவரைப் பிற செயலிகளில் பின்தொடர முடியும் என்றது. அதனால் 2022-ல் சுமார் 1,000 கோடி டாலர் வருமானம் குறையும் என்று மெட்டாவே சொன்னது. அடுத்தவன் வீட்டில் குடியிருந்தால் அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே இந்தக் கதி. நீங்களும் நானும் எம்மாத்திரம்?

தனிநிரலர்:
பழையதளம் ஐயாவுக்கு நடந்தது கொடுமை, அதை மறுக்கவில்லை. ஆனால் அதிலிருந்து அவர் எடுக்கும் முடிவு தவறு.

"எல்லா இடமும் பிடிபட்டுவிட்டது" என்பது 1998-லும் சரியாகத்தான் தோன்றியிருக்கும். தேடுவதற்கு யாகூ இருந்தது, ஆல்டாவிஸ்டா இருந்தது. கூகுள் அப்போதுதான் தொடங்கியது. 2011-ல் காணொளி உரையாடலுக்கு ஸ்கைப், வெப்எக்ஸ் எல்லாம் இருந்தன. அந்த வெப்எக்ஸிலேயே வேலை பார்த்த எரிக் யுவான் வெளியே வந்து ஸூம் தொடங்கினார். 2019-ல் பங்குச் சந்தைக்கு வந்தபோது அது லாபத்தில் இருந்தது.

என் கதை மிகச் சிறியது. தனியாக வேலை செய்யும் மொழிபெயர்ப்பாளர்களுக்கு பில் போடும் மென்பொருள் வைத்திருக்கிறேன். ஆறு வருடம் ஆகிறது. கூட வேலை செய்பவர் ஒருவர்தான். சில நூறு பேர் மாதச் சந்தா கட்டுகிறார்கள், இரண்டு குடும்பங்கள் நன்றாகவே வாழ்கின்றன. உலாவியிலேயே திறக்கும் என்பதால் ஆப் கடைக்குக் கழிவு கிடையாது. கடைக்குப் போனாலும், வருடத்துக்கு 10 லட்சம் டாலருக்குள் சம்பாதிக்கும் சிறியவர்களுக்கு 2021 முதல் ஆப்பிள் 15 சதவீதம்தான் எடுக்கிறது.

பழையதளம்:
கரை சேர்ந்தவர்களை மட்டும் எண்ணுகிறீர்கள் நண்பரே. தொழில்நுட்பப் பங்குகள் நிறைந்த அமெரிக்காவின் நாஸ்டாக் பங்குக் குறியீடு 2000 மார்ச் 10 அன்று 5,048-ல் முடிந்தது. 2002 அக்டோபரில் 1,114. நடுவில் எத்தனை பேர் மூழ்கினார்கள்! வளர்ப்புப் பிராணிகளுக்கான பொருள்களை இணையத்தில் விற்ற பெட்ஸ்.காம், பங்குச் சந்தைக்கு வந்த அதே வருடம் கதவை மூடியது. மளிகைச் சாமான்களை வீட்டுக்கே கொண்டுவந்து கொடுத்த வெப்வேன் 2001-ல் திவாலானது.

தப்பித்தவர்களும் உடனே சம்பாதிக்கவில்லை. 1994-ல் தொடங்கிய அமேசான் முழு வருட லாபத்தை முதலில் பார்த்தது 2003-ல். 2009-ல் தொடங்கிய ஊபர், வருடக் கணக்கில் முதல் இயக்க லாபம் (அன்றாடத் தொழிலிலிருந்து மட்டும் வரும் லாபம்) காட்டியது 2023-ல். அவர்கள் காத்திருந்தது முதலீட்டாளர் பணத்தில். ஸூமுக்கும் முதலீட்டாளர்கள் இருந்தார்கள். இந்தத் தங்கையிடம் இருப்பது பதினெட்டு மாதம்.

கணக்கேடு:
சிறு நிறுவனங்களுக்குக் கணக்கு பார்ப்பது என் தொழில். நீங்கள் இருவரும் சொல்வது இரண்டு வேறு வேறு தொழில்களைப் பற்றி. ஊபர் செய்தது கோடிக்கணக்கில் நஷ்டப்பட்டுச் சந்தையைப் பிடிக்கும் தொழில். கடன் மலிவாக இருந்த காலத்தில் அது ஓடியது. 2022 மார்ச் தொடக்கத்தில் பூஜ்யத்தை ஒட்டி இருந்த அமெரிக்க மத்திய வங்கியின் வட்டி, 2023 ஜூலையில் 5.25–5.5 சதவீதம் ஆனது. பணத்துக்கே விலை வந்த பிறகு, "பத்து வருடம் கழித்து லாபம்" என்பவருக்குப் பணம் கொடுக்க ஆள் குறைந்துவிட்டார்கள். தனிநிரலரின் தொழில் அப்படிப்பட்டது இல்லை. நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர்களுக்கு மொத்தமாக மின்னஞ்சல் அனுப்ப உதவும் மெயில்சிம்ப் 2001-ல் தொடங்கி, வெளியார் முதலீடே வாங்காமல் வாடிக்கையாளர் பணத்திலேயே வளர்ந்தது. 2021-ல் கணக்கு மென்பொருள் நிறுவனமான இன்ட்யூட் அதைச் சுமார் 1,200 கோடி டாலருக்கு வாங்க ஒப்பந்தம் போட்டது.

புதுத்துடுப்பு, இரண்டாவது திட்டத்துக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன், பொறுமையாகப் பாருங்கள். சந்தா மாதம் 10 என்று வையுங்கள். சர்வர், பணம் வசூலிக்கும் சேவை, வாடிக்கையாளர் உதவி எல்லாம் போக 7 நிற்கிறது. விளம்பரம் கொடுத்து ஒரு வாடிக்கையாளரைப் பிடிக்க 100 ஆகிறது. மாதாமாதம் நூறு பேரில் எட்டுப் பேர் விலகினால், ஒருவர் சராசரியாகப் பன்னிரண்டரை மாதம் இருப்பார். அவரால் கிடைப்பது 87.5. ஆள் சேரச் சேர நஷ்டம்! விலகுபவர்கள் நூற்றுக்கு மூன்று பேர்தான் என்றால் அதே ஆள் 33 மாதம் இருப்பார், 230-க்கு மேல் கொடுப்பார். விலையும் அதேதான், விளம்பரச் செலவும் அதேதான்.

நான் பார்த்த தோல்விகளில் பாதிக்கு மேல், இந்த எட்டுக்கும் மூன்றுக்கும் உள்ள வித்தியாசத்தைக் கடைசி வரை அளந்தே பார்க்காதவர்கள். இன்னொன்று, லாபத்தில் ஓடினாலும் போட்ட 100 திரும்பி வர 14 மாதத்துக்கு மேல் ஆகும். உங்கள் சேமிப்பே பதினெட்டு மாதம்தான். விளம்பரத்தை நம்பித் தொடங்காதீர்கள்.

மாலைநேரம்:
ஒரு சந்தேகம். இப்போது ஏஐயிடம் சொன்னால் இரண்டு நாளில் இப்படி ஒரு மென்பொருள் கிடைத்துவிடுகிறது. அந்த ஆசிரியரே செய்துகொள்ளலாமே? மாதாமாதம் எதற்குக் காசு கொடுக்க வேண்டும்?

தனிநிரலர்:
நல்ல கேள்வி. நிரல் எழுத எனக்கு இரண்டு மாதம்தான் ஆனது. மீதி ஆறு வருடம் போனது நிரலில் இல்லை. மொழிபெயர்ப்புக்குக் கூலியை மூலத்தின் சொற்களை எண்ணிப் போடுவதா, மொழிபெயர்ப்பின் சொற்களை எண்ணிப் போடுவதா என்பது வாடிக்கையாளருக்கு வாடிக்கையாளர் மாறும். திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்களுக்குத் தள்ளுபடி கேட்பார்கள். பில் போட்ட நாள் ஒரு நாணய மாற்று விகிதம், அறுபது நாள் கழித்துப் பணம் வரும்போது வேறொன்று. இதெல்லாம் யாரும் எனக்கு எழுதிக் கொடுக்கவில்லை. "போன மாதம் எனக்குப் பணம் குறைகிறதே" என்று பதறிப் போனில் பேசியவர்களிடம் கற்றுக்கொண்டேன். வரிக்கணக்கு கொடுக்கும் வாரத்தில் ஏதாவது கோளாறு என்றால் ராத்திரி பதினொரு மணிக்கும் பதில் சொல்வேன். அவர்கள் காசு கொடுப்பது அதற்கு.

பாதிப்பே இல்லை என்று சொல்லமாட்டேன். போன வருடம் மட்டும் என் மென்பொருளைப் போலவே மூன்று வந்தன, மூன்றும் என்னைவிட மலிவு. புதிதாகச் சேர்பவர்கள் குறைந்தது உண்மை. பழையவர்கள் பெரும்பாலும் போகவில்லை.

கணக்கேடு:
மாலைநேரத்தின் கேள்வியோடு ஒன்றைச் சேர்க்கிறேன். பழைய மென்பொருளில் ஆயிரத்தோராவது ஆள் சேர்ந்தால் கூடுதல் செலவு ஏறக்குறைய இல்லை. இந்தத் தொழிலின் லாபமே அங்கேதான் இருந்தது. உள்ளே ஏஐ மாடலைப் பயன்படுத்தும் சேவைகளில் ஒவ்வொரு கேள்விக்கும் கணினிச் செலவு உண்டு. அதிகம் பயன்படுத்துபவர் அதிக நஷ்டம் தருவார். ஒரே சந்தாவில் எல்லாம் இலவசம் என்று அறிவித்துவிட்டுத் தவிப்பவர்களை இப்போது அடிக்கடி பார்க்கிறேன். வகுப்பு நேரக் குறிப்புக்கு ஏஐ தேவையில்லை, அதைச் சேர்க்காதீர்கள்.

புதுத்துடுப்பு:
எல்லோருக்கும் நன்றி. விளம்பரத் தளம் யோசனையை விட்டுவிட்டேன். பழையதளம் ஐயா எழுதியதைப் படித்த பிறகு அதற்கு மனம் வரவில்லை.

அக்காவிடம் பேசினேன். எனக்கு வகுப்பு நேரம்தான் பெரிய தலைவலியாகத் தெரிந்தது. அவர் வேறு மாதிரி சொல்கிறார்: "நேரம் எனக்கு மனப்பாடம். பாக்கிக் கட்டணத்தைக் கேட்கத்தான் வாய் வராது. என் சார்பில் யாராவது கேட்டால் போதும்." நான் நினைத்துக்கூடப் பார்க்காத விஷயம் இது.

தனிநிரலர்:
அதுதான் உங்கள் மென்பொருள்! ஆசிரியர் வாய்விட்டுக் கேட்க வேண்டியதில்லை, மரியாதையான நினைவூட்டல் தானாகப் போகும். மற்ற வசதிகளையெல்லாம் இப்போதைக்குத் தள்ளிவையுங்கள்.

பழையதளம்:
இது நல்ல யோசனைதான், ஒப்புக்கொள்கிறேன். என் பயம் வேறு. விடுமுறைக் காலத்தில் வகுப்பு இருக்காது, அப்போது ஆசிரியர்கள் சந்தாவை நிறுத்துவார்கள். கணக்கேடு சொன்ன அந்த எட்டு உங்களுக்குப் பதினைந்தாகக்கூடப் போகலாம். ஆகவே வேலையை இப்போது விடாதீர்கள் அம்மா.

தனிநிரலர்:
விடுமுறைக்கு வழி இருக்கிறது, வருடச் சந்தாவாக வாங்கலாம். வேலையை விடுவதில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நான் வேலையில் இருந்துகொண்டே செய்தபோது ஒரு வருடம் நகரவே இல்லை. பகலில் வாடிக்கையாளர் கூப்பிட்டால் எடுக்க ஆள் வேண்டும்.

பழையதளம்:
கூப்பிடுவதற்கு முதலில் வாடிக்கையாளர் வேண்டுமே. நினைவூட்டலைக் கையாலேயே அனுப்பிப் பார்க்கலாம், அதற்கு மென்பொருள்கூடத் தேவையில்லை. மூன்று மாதம் மாலையில் அதைச் செய்யட்டும்.

புதுத்துடுப்பு:
அப்படியே செய்கிறேன். அக்கா மூலம் பதினான்கு ஆசிரியர்களின் எண் கிடைத்திருக்கிறது. "பிடித்திருக்கிறதா" என்று கேட்கப்போவதில்லை. மூன்று மாதச் சந்தாவை முன்பணமாகக் கேட்கப்போகிறேன். ஐந்து பேர் கொடுத்தால் அடுத்த கட்டம்.

பழையதளம்:
அந்தப் பதினான்கில் அக்காவின் நெருங்கிய தோழிகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். அவர்கள் அக்கா முகத்துக்காகக் கொடுப்பார்கள். மீதிப் பேரில் ஐந்து வந்தால் இங்கே எழுதுங்கள், முதல் ஆளாக வந்து படிப்பேன்.