குடும்பக் குழு: மல்லாந்த மிதவை விமானம்

ராகவ்: மாமா, காலையில் நான் அனுப்பிய காணொளியைப் பார்த்தீர்களா? பெரிய காற்றோ அலையோ இல்லை. அந்தச் சிறிய மிதவை விமானம் நிதானமாக ஏரியில் இறங்குகிறது, ஆனால் நீரைத் தொட்ட மறுநொடியே மூக்குக் குப்புறப் பாய்ந்து மல்லாந்துவிடுகிறது. இன்ஜின் கோளாறாக இருக்குமா?

மாமா: இன்ஜினில் குறை எதுவும் தெரியவில்லை. விமானம் நீரைத் தொடுவதற்குச் சற்று முன் காணொளியை நிறுத்தி, மிதவைகளின் அடிப்பகுதியைப் பெரிதாக்கிப் பார்; டயர்கள் வெளியே நீட்டிக்கொண்டிருக்கின்றன. தரையிலும் நீரிலும் இறங்கக்கூடிய இவ்வகை விமானங்களில் சக்கரங்கள் மிதவைக்குள் மடங்கிக்கொள்ளும். மடக்காமல் நீரில் இறங்கினால், தண்ணீர் சக்கரங்களைப் பிடித்து நிறுத்த, விமானத்தின் உடல் வந்த வேகத்திலேயே முன்னோக்கிப் போய்க் கவிழ்ந்துவிடும்.

பெரியம்மா: இவ்வளவு முக்கியமானதை மறப்பார்களா, தம்பி? எச்சரிக்க ஒரு விளக்குகூடவா இல்லை?

மாமா: விளக்கு இருக்கிறது, அக்கா. பல விமானங்களில் சக்கரம் உள்ளே இருந்தால் நீலமும் வெளியே இருந்தால் பச்சையும் எரியும். சிலவற்றில் குரலும் எச்சரிக்கும். ஆனால் சாதாரண விமானத்தில் பழகியவருக்கு, இறங்கும் முன் சக்கரத்தை இறக்கிப் பச்சை விளக்கைப் பார்ப்பதுதான் முதல் பாடம். தரையில் உயிர்காக்கும் அந்தப் பழக்கமே நீரில் எதிரியாகிவிடுகிறது. ஓடுதளத்திலிருந்து கிளம்பி, பக்கத்தில் இருக்கும் ஏரிக்குத்தானே போகிறோம் என்று சக்கரத்தை மடக்காமலேயே பறந்து, பிறகு அதை மறந்து இறங்கியவர்களும் உண்டு.

மீனா: அப்படியானால் எப்போதும் மடக்கியே வைத்திருப்பது மேல் அல்லவா?

மாமா: உண்மையில், இரண்டு தவறுகளும் ஒன்றல்ல. ஓடுதளத்தில் சக்கரமின்றி இறங்கினால் மிதவையின் அடி உராயும். பெரும்பாலும் பழுதுபார்க்கும் செலவோடு போய்விடும். நீரில் சக்கரத்தோடு இறங்குவதுதான் ஆளைக் கொல்கிறது. அதனால் கவனமுள்ள விமானிகள் விளக்கை மட்டும் நம்பாமல், "இது தண்ணீர், சக்கரங்கள் மேலே" என்று ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்லிச் சரிபார்ப்பார்கள்.

ராகவ்: நீர் கண்ணாடிபோல் அசையாமல் இருந்தாலும் ஆபத்து என்கிறார்களே?

மாமா: ஆபத்துதான், ஆனால் அது வேறு கதை. அசைவற்ற நீரின் மேல் உயரத்தைக் கண்ணால் கணிக்க முடியாது. ஆகவே மூக்கைச் சற்றே உயர்த்தி, நிமிடத்துக்குச் சுமார் 150 அடி என்ற அளவில் மெல்ல இறக்கிக்கொண்டே, மிதவை தானாக நீரைத் தொடும்வரை காத்திருப்பார்கள். நீ அனுப்பிய காணொளியில் சிற்றலை தெரிகிறது.

மீனா: அடுத்த மாதச் சுற்றுப்பயணத்தில் நான் ஏறப்போவதும் இப்படிப்பட்ட விமானம்தான். பேசாமல் ரத்து செய்துவிடட்டுமா, மாமா?

மாமா: வேண்டாம், போய் வா, ஆனால் கவிழ்ந்தால் என்ன செய்வது என்று தெரிந்துகொண்டு போ. கனடாவில் 2009 நவம்பரில் சட்டர்னா தீவுக்கு அருகே ஒரு மிதவை விமானம் நீரில் விழுந்தது. அது கிளம்பியபோது நடந்த விபத்து என்றாலும், பாடம் இதற்கும் பொருந்தும். விமானத்தில் இருந்த 8 பேரில் 2 பேரே வெளியே வந்தார்கள்; மற்ற 6 பேரும் உள்ளேயே மூழ்கி இறந்தார்கள். அதன்பின் அந்நாட்டு விசாரணை வாரியம், அவசரத்தில் எளிதாகத் திறக்கும் வெளியேறு வழிகள் வேண்டும், பயணிகள் மிதவை அங்கியை அணிந்தே அமர வேண்டும் என்று பரிந்துரைத்தது.

பெரியம்மா: கவிழ்ந்ததும் உடனே பெல்ட்டைக் கழற்றிவிட வேண்டியதுதானே?

மாமா: அதைத்தான் செய்யக் கூடாது, அக்கா. தலைகீழாக இருக்கும்போது பெல்ட் கழன்றால் உடல் மிதந்து, எந்தப் பக்கம் கதவு என்பதே தெரியாமல் போய்விடும். ஒரு கையால் கதவருகே உள்ள எதையாவது பற்றிக்கொண்டு, கதவைத் திறந்த பிறகே பெல்ட்டைக் கழற்ற வேண்டும். உள்ளே நீர் நிரம்பும்வரை வெளி அழுத்தத்தால் கதவு திறக்காமல் போகலாம். அந்தச் சில நொடிகளில் பதறக் கூடாது.

ராகவ்: மிதவை அங்கியில் எப்போது காற்றை நிரப்புவது?

மாமா: வெளியே வந்த பிறகு மட்டுமே. உள்ளே ஊதிவிட்டால், கவிழ்ந்த விமானத்தின் தரையோடு அது ஆளை ஒட்டவைத்துவிடும். கீழே மூழ்கிக் கதவுக்குப் போக முடியாது.

மீனா: சரி மாமா, ரத்து செய்யவில்லை.

மாமா: நல்லது. கிளம்பும் முன் கதவின் கைப்பிடி எந்தப் பக்கம் திரும்பும் என்று விமானியிடம் கேள். பிறகு இருக்கையில் அமர்ந்து, கண்ணை மூடிக்கொண்டு, அதைக் கையால் தேடித் தொட்டுப் பார்.