பீட்டர் ஹூக் பாணி பேஸ்: மேல் ஃப்ரெட்டில் மெலியுது, டி தந்தியைத் திறந்தா உறுமுது

அரசலாறு:
கும்பகோணம் பேண்ட். ஒரு கிட்டார், ஒரு கீபோர்டு, ட்ரம்ஸ், நாலு தந்தி பேஸ். பீட்டர் ஹூக் பேஸ் வாசிச்ச ஜாய் டிவிஷன், நியூ ஆர்டர் பேண்டுகளோட பாட்டுகள் எடுத்திருக்கோம். 45–105 ரவுண்ட்வுண்ட் தந்தி, பிக் வெச்சுத்தான் வாசிப்பு. 12-ஆம் ஃப்ரெட்டுக்கு (கழுத்துல இருக்கிற மெட்டு) மேல போனா பேஸ் ட்ரம்ஸுக்குள்ள காணாமப் போகுது. டி தந்தியைத் திறந்து, அதாவது விரல் அழுத்தாம, கூடவே அடிச்சா கல்யாண மண்டபம் முழுக்க உறுமல். சாதா கிட்டார் கோரஸ் பெடல் போட்டா எல்லாம் குழம்புது. ஹூக் வெச்சிருந்த எலக்ட்ரோ ஹார்மோனிக்ஸ் க்ளோன் தியரி கோரஸ் பெடல் வாங்கினா தீருமா?

வெண்ணாறு:
தீராது. முதல்ல அடியை, அதாவது கீழ் சுரங்களை, யார் பிடிக்கிறாங்கன்னு முடிவு பண்ணுங்க, பெடல் அப்புறம்.

ஹூக் மேல ஏறினதுக்குக் காரணம் ரொம்ப சாதாரணம். கூட வாசிச்ச பெர்னார்ட் சம்னரோட கிட்டார் ஆம்ப் சத்தம் ஜாஸ்தி, இவரோடது மட்டம். மேல வாசிச்சாத்தான் இவர் காதுக்கே கேட்டுது. பாடகர் இயன் கர்டிஸுக்கு அது பிடிச்சுப்போச்சு, அப்படியே வாசிக்கச் சொல்லிட்டார். ஆனா கீழே காலியா விடலை. ‘ஷீஸ் லாஸ்ட் கன்ட்ரோல்’ (1979) கேளுங்க, பேஸ் மேல, கிட்டார் அதுக்குக் கீழ. ‘ப்ளூ மண்டே’ (1983) அடி முழுக்க சிந்தசைசர், அதனால ஹூக் மேல தாராளமா உலாவுறார். உங்க கீபோர்டுக்காரர் இடது கையில கார்டோட (chord, சேர்ந்து ஒலிக்கிற சுரக்கூட்டு) மூல சுரத்தைப் பிடிக்கட்டும், கிட்டார் 5, 6-ஆம் தந்தியை விடாம வாசிக்கட்டும். அது இல்லாம 20,000 ரூபாய்க்குப் பெடல் வாங்கினாலும் மெலிசாத்தான் இருக்கும்.

வாசிப்புக்கு டி மேஜரை எடுத்துக்குங்க, 2 கட்டை சங்கராபரணம். டி தந்தி சுருதி. மெலடி ஜி தந்தியில மட்டும்: 7, 9, 11, 12, 14, 16, 18, 19. ரெண்டு தந்தியையும் பிக்கால ஒண்ணாக் கீழ்நோக்கியே அடிங்க. மாத்தி மாத்தி அடிச்சா அழுத்தம் சமமா வராது. ஈ, ஏ தந்தி மேல உள்ளங்கை ஓரம் படிஞ்சே இருக்கணும். நீங்க சொல்ற உறுமல்ல பாதி அந்த ரெண்டு தந்தியும் சும்மா அதிர்றதுதான்.

டி சுருதி எல்லா கார்டுக்கும் ஒத்துவராது. ஜி மேஜர்ல அது பஞ்சமம், பி மைனர்ல மூணாவது சுரம், ஈ மைனர்ல ஏழாவது. மூணும் நல்லா இருக்கும். ஏ மேஜர் வந்தா கிட்டாரோட சி ஷார்ப்புல போய் உரசும். அந்த பார் முழுக்க டி தந்தியை விரல் நுனியால அடக்கிட்டு ஜி தந்தியை மட்டும் வாசிங்க.

பழக ‘ஏஜ் ஆஃப் கன்சென்ட்’ (1983) எடுங்க. பாட்டே பேஸ்லதான் ஆரம்பிக்குது, ஒளிஞ்சுக்க இடமில்லை.

குடமுருட்டி:
மேல ஃப்ரெட்டுல மெலியுதுன்னா செட்டப்பையும் பாருங்க. முதல் ஃப்ரெட்டையும் கடைசி ஃப்ரெட்டையும் ஒண்ணா அழுத்திக்கிட்டு, 7–8-ஆம் ஃப்ரெட் பக்கம் தந்திக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவுல விசிட்டிங் கார்டு லேசா உரசிப் போகணும், சுமார் 0.3 மி.மீ. இடைவெளி அதிகமா இருந்தா ட்ரஸ் ராடை (கழுத்துக்குள்ள ஓடுற கம்பி) வலப்பக்கம் கால் சுற்று, அதுக்கு மேல ஒரே தடவையில வேணாம். 12-ல தந்தி உயரம் ஜி-க்கு 2 மி.மீ., ஈ-க்கு 2.5 மி.மீ. இதைவிடத் தாழ்த்தினா, ஓங்கி பிக் அடிக்கும்போது தந்தி ஃப்ரெட்டுல தட்டி சத்தம் சட்டுனு செத்துப்போகும்.

அடுத்து இன்டொனேஷன், அதாவது ஃப்ரெட்டுல சுரம் சரியா நிக்குதான்னு. 12-ல லேசாத் தொட்டு எழுப்புற ஹார்மோனிக்கும் அழுத்தின சுரமும் ட்யூனர்ல ஒண்ணாக் காட்டணும். அழுத்தினது ஏறி இருந்தா பிரிட்ஜ்ல தந்தி உட்கார்ற சாடிலைப் பின்னால தள்ளுங்க, இறங்கி இருந்தா முன்னால. நீங்க மேலயே வாசிக்கிறதால 19-லயும் இதே சோதனை பண்ணுங்க, அங்கயும் ரெண்டும் ஒரே சுரம்தான். வீணைன்னா மெழுகை இளக்கி மெட்டை நகர்த்திடலாம். பேஸ்ல ஃப்ரெட் அடிச்சது அடிச்சதுதான், சாடில் ஒண்ணுதான் வழி.

நம்ம பக்கத்து ஈரத்துக்குக் கழுத்து நிலை மாறும். ஐப்பசி மழை பிடிச்சதும் ஒரு தடவை, சித்திரை வெயில்ல ஒரு தடவை பாருங்க. நாகை, காரைக்கால் உப்புக்காத்துல வாசிக்கிறவங்க வாசிச்சதும் தந்தியைத் துணியால துடைச்சிடணும், துரு ஏறின ஜி தந்தியில இந்த மெலடி பாடாது.

அரசலாறு:
கீபோர்டுக்காரர் இடது கைக்குச் சம்மதிச்சிட்டார், கொஞ்சம் முறைச்சார். மண்டபத்துல மைக்செட்காரர் மிக்ஸர்தான், லோ, மிட், ஹை மூணு திருகு. பேஸ் கேக்கலைன்னு சொன்னா அவர் லோவைத்தான் ஏத்துறார்.

திருமலைராஜன்:
அங்கதான் கெடுது. ஜி தந்தியில 12-ஆம் ஃப்ரெட் 196 ஹெர்ட்ஸ், 19-ஆம் ஃப்ரெட் 294 பக்கம். திறந்த டி 73 ஹெர்ட்ஸ். சின்ன மிக்ஸர்கள்ல லோ திருகு பெரும்பாலும் 80 ஹெர்ட்ஸ்ல நிக்குது. அவர் லோவை ஏத்த ஏத்த உறுமல்தான் பெருகும், மெலடிக்கு ஒரு பைசா பிரயோஜனம் இல்லை. லோவை நடுவுக்குக் கொஞ்சம் கீழ வைக்கச் சொல்லுங்க. மிட் 2.5 கிலோஹெர்ட்ஸ், அது பிக் படுற ‘டக்’கைத் தரும், லேசா ஏத்தினாப் போதும். மெலடியோட உடம்பு 800 ஹெர்ட்ஸ் பக்கம் இருக்கு, அதை உங்க ஆம்ப்லயே ஏத்திட்டு ஆம்ப்போட டிஐ அவுட்ல (மிக்ஸருக்கு நேரா வயர் போற இடம்) இருந்து அவருக்குக் கொடுங்க. ஆம்ப்ல 250 பக்கம் திருகு இருந்தா அதைக் குறைங்க, காலி மண்டபத்துல அதுதான் சுவரெல்லாம் முட்டும்.

கோரஸ் குழம்புறதுக்குக் காரணம், அது உங்க சத்தத்தோட ஒரு நகலைக் கொஞ்சம் தாமதிச்சு, சுருதியை அலையவிட்டுக் கலக்குது. மேல் சுரத்துல அது மினுக்கு, அடி சுரத்துல ரெண்டும் ஒண்ணை ஒண்ணு தின்னுடும். பாஸ் சிஇபி-3 மாதிரி பேஸ் கோரஸ்ல லோ ஃபில்டர்னு ஒரு திருகு இருக்கு, அடியைத் தொடாம மேல மட்டும் கோரஸ் போடும். க்ளோன் தியரி தேடி அலையறதைவிட இது சுலபம். அலையிற வேகமான ரேட் ரொம்பக் குறைவா, அலையிற அளவான டெப்த் பாதிக்குச் சற்று மேல. கிட்டார் கோரஸேதான் இருக்குன்னா, டி தந்தியைச் சேர்த்து அடிக்கிற இடத்துல பெடலை அணைச்சிடுங்க.

ஹூக்கோட மத்த சாமான்களைத் துரத்த வேணாம். யமஹா பிபி1200எஸ் நல்ல பேஸ்தான், ஷெர்கோல்ட் மாரத்தான் ஆறு தந்தி பேஸ் கிடைக்கிறதே அபூர்வம். தோள்பட்டியை முழங்கால் வரைக்கும் இறக்கறது அவர் ‘தி க்ளாஷ்’ பேண்டோட பேஸ்காரர் பால் சிமொனனைப் பார்த்து எடுத்துக்கிட்டது. போட்டோவுக்கு அழகு. 16-ஆம் ஃப்ரெட்டுக்குக் கை எட்டணும்னா மணிக்கட்டு மடியாத உயரத்துக்கு ஏத்திக் கட்டுங்க.