ஜிகிளவுட்ல லாகின் ஆயிருச்சு, பைத்தான் மட்டும் கிரெடென்ஷியல் இல்லங்குது

ஆத்தங்குடி தம்பி:
மாமாவுக்கு இங்க டைல்ஸ் பட்டறை. டிசைன் போட்டோவெல்லாம் கூகுள் கிளவுட் ஸ்டோரேஜ்ல ஏத்தி கஸ்டமருக்கு லிங்க் அனுப்புறாப்ல சின்னதா ஒரு பைத்தான் ஸ்கிரிப்ட் எழுதுறேன். விண்டோஸ் லேப்டாப்புதான். கூகுள் கிளவுட் எஸ்டிகே (அதோட டூல்ஸ் பேக்கேஜ், ஜிகிளவுட் கமாண்டு அதுலதான் வரும்) போட்டு 'ஜிகிளவுட் இனிட்' அடிச்சேன், பிரவுசர் தொறந்து ஜிமெயில் கேட்டுச்சு, அலோ குடுத்து ப்ராஜெக்டும் செலக்ட் பண்ணிட்டேன், டெர்மினல்ல பக்கெட் (ஸ்டோரேஜ்ல ஃபைல் போட்டு வைக்கிற டப்பா) லிஸ்ட் அழகா வருது, ஆனா ஸ்கிரிப்ட ஓட்டுனா டிஃபால்ட் கிரெடென்ஷியல்ஸ் (ஸ்கிரிப்ட் யாரு பேர்ல வருதுன்னு காட்டுற அடையாளம்) கிடைக்கலன்னு எர்ரர். மூணு தடவ அழிச்சு அழிச்சு இன்ஸ்டால் பண்ணியாச்சு, மாமா வேற "என்னடா, இன்னும் முடியலயா"ங்குறாரு.

காரைக்குடி பைத்தான்:
தம்பி, இன்ஸ்டால்ல ஒரு தப்பும் இல்ல, விடுங்க. நீங்க பண்ணது ஜிகிளவுட் கமாண்டுக்கான லாகின், உங்க கோடு அத எட்டிக்கூட பாக்காது. முகப்புக் கதவு தொறந்தா இரண்டாங்கட்டும் தொறந்துருமா, அதுக்குச் சாவி வேறல்ல. 'ஜிகிளவுட் ஆத் அப்ளிகேஷன்-டிஃபால்ட் லாகின்'னு அடிங்க (நடுவுல ஹைபன் உண்டு). திரும்பவும் பிரவுசர் வரும், அதே ஜிமெயில குடுங்க. ஆப்டேட்டா ஃபோல்டருக்குள்ள ஒரு ஜேசான் ஃபைல் விழும், உங்க ஸ்கிரிப்ட்ல இருக்குற கூகுள் லைப்ரரி அதத்தான் எடுக்கும்.

ஆத்தங்குடி தம்பி:
பண்ணிட்டேன்ணே, இப்ப வேற எர்ரர், 'ஃபைல் நாட் ஃபவுண்ட்'னு டவுன்லோட்ஸ் பாத் ஒண்ணக் காட்டுது. உங்க பதில் வர்றதுக்கு முந்தி ஒரு வீடியோவப் பாத்து சர்வீஸ் அக்கவுண்ட் (ஆளுக்கில்லாம புரோகிராமுக்குன்னு இருக்குற கணக்கு) கீ ஃபைல எறக்கி, அதோட பாத்த என்விரான்மென்ட் வேரியபிள்ல (புரோகிராமெல்லாம் பாக்குற விண்டோஸ் செட்டிங்) போட்டேன், அப்புறம் அந்த ஃபைல அழிச்சுட்டேன்...

வளவு வீட்டுக்காரி:
அதான் விஷயமே. லைப்ரரி முதல்ல அந்த வேரியபிளத்தான் பாக்கும், அதுல எதாச்சும் இருந்தா லாகின் ஃபைல் பக்கம் வரவே வராது. லாகின் பண்றப்பவே வேரியபிள் செட் ஆகியிருக்குன்னு வார்னிங் வந்துருக்குமே, படிக்காம ஒய் தட்டிருப்பீங்க (நானும் தட்டுனவதான்). விண்டோஸ் செட்டிங்ஸ்ல போயி வேரியபிள எடுத்துட்டு டெர்மினல், எடிட்டர் எல்லாத்தையும் மூடித் தொறங்க, பழைய விண்டோவுல பழைய மதிப்பே ஒட்டிக்கிட்டு நிக்கும். அப்புறம் ஃபைல அழிச்சா கீ செத்துறாது தம்பி, கன்சோல்ல போயி அந்தக் கீயையும் டெலிட் பண்ணுங்க. ஃபைல எங்கயாச்சும் கிட்ஹப்ல ஏத்திருந்தா இன்னைக்கே.

ஆத்தங்குடி தம்பி:
ஓடிருச்சுக்கா!! 40 போட்டோ ஏறிருச்சு. ஆனா சைன்டு லிங்க் (கையெழுத்துப் போட்டு, குறிப்பிட்ட நாள் வரைக்கும் மட்டும் தொறக்குற லிங்க்) எடுக்கப் போனா 'பிரைவேட் கீ வேணும்'ங்குது??

காரைக்குடி பைத்தான்:
ஆமா, ஜிமெயில் லாகின்ல கையெழுத்துப் போட பிரைவேட் கீ கிடையாது. முறையாப் பண்ணணும்னா அதே லாகின் கமாண்டுல இம்பர்சனேட் ஆப்ஷன் குடுத்து ஒரு சர்வீஸ் அக்கவுண்ட் பேர்ல போகணும், அதுக்கு உங்க ஜிமெயிலுக்கு டோக்கன் கிரியேட்டர் ரோல் (அந்த அக்கவுண்ட் பேர்ல போறதுக்கான அனுமதி) வேணும். அப்படி எடுத்தாலும் அந்த லிங்க் அதிகபட்சம் 7 நாள்தான், எட்டாம் நாள் கஸ்டமர் மாமாவுக்குப் போன் போடுவாரு. பூ டிசைன் டைல்ஸ்ல என்ன ரகசியம் தம்பி, போட்டோவுக்குன்னு தனியா ஒரு பக்கெட் வச்சு அத மட்டும் பப்ளிக் ஆக்கிருங்க. பில்லு கணக்கு எதையும் அதுக்குள்ள போட்றாதீங்க.

ஆத்தங்குடி தம்பி:
பில்லு ஃபோல்டரும் அதே பக்கெட்லதான்ணே கெடக்கு 😬 மாத்திட்டு வர்றேன்.