நங்கூர வளையத்தில் கயிறு கட்ட எந்த முடிச்சு நிற்கும்?

சிப்பி_07:
ஃபைபர் படகு, நாலு கொக்கி நங்கூரம், 12 மி.மீ. மூணு புரி நைலான் கயிறு. வளையத்தில் பவ்லைன் (நுனியில் இறுகாத கண்ணி விழும் முடிச்சு) போட்டிருக்கிறேன். ராத்திரி போட்ட நங்கூரத்தைக் காலையில் தூக்கினால் முடிச்சு தளர்ந்து, நுனி பாதி உருவிக் கிடக்கிறது. நான் போடுவது தப்பா, முடிச்சே இதற்கு ஆகாதா? கரையில் இரும்பு வளையத்தில் கட்ட எது நல்லது?

பாய்மரம்:
போடுவது சரியாகத்தான் இருக்கும். பவ்லைன் பாரம் இருக்கும்வரை பிடிக்கும், பாரம் விட்டால் இளகும். நீவாடு (கடல் நீரோட்டம்) திரும்பும்போதெல்லாம் கயிறு தொய்ந்து மறுபடி விறைக்கிறது. புது நைலான் வழுவழுப்பு வேறு. ஒவ்வொரு தொய்வுக்கும் நுனி கொஞ்சம் நழுவும்.

இதற்கென்றே இருப்பது ஆங்கர் பென்ட், ஃபிஷர்மேன்ஸ் பென்ட் என்றும் சொல்வார்கள். (பெயரில்தான் 'பென்ட்'. இரண்டு கயிற்றை இணைக்கிற முடிச்சு இல்லை.) நுனியில் ஒரு முழம் விட்டுக்கொண்டு வளையத்துக்குள் ஒரே திசையில் இரண்டு சுற்று சுற்றுங்கள். சுற்றுகள் பக்கத்துப் பக்கத்தில் படியணும், ஒன்றின் மேல் ஒன்று ஏறக் கூடாது. இறுக்கவும் வேண்டாம். இப்போது நுனியைத் தாய்க்கயிற்றை (படகுக்குப் போகிற நீளப் பக்கம்) சுற்றிக் கொண்டுவந்து, அந்த இரண்டு சுற்றுக்கும் வளையத்துக்கும் நடுவில் நுழைத்து இழுங்கள். பிறகு அதே திசையில் தாய்க்கயிற்றின் மேல் மட்டும் இன்னொரு அரைமுடிச்சு (நுனியை ஒருதரம் சுற்றி, அந்தச் சுற்றுக்குள்ளேயே நுழைத்து இழுப்பது). தண்ணீரில் நனைத்து, கையால் நன்றாக இறுக்கிய பிறகுதான் பாரம் கொடுக்கணும்.

நுனி சுற்றுகளுக்கு அடியில் நசுங்கிக் கிடப்பதால் கயிறு தொய்ந்தாலும் சீக்கிரம் உருவாது. பலர் செய்கிற தப்பு, நுனியை ஒரே ஒரு சுற்றுக்கு அடியில் விடுவது. அப்புறம் பிடி குறைந்துவிடும். 12 மி.மீ. கயிற்றுக்கு வால் குறைந்தது 15 செ.மீ. மிச்சம் இருக்கட்டும். அந்த வாலைத் தாய்க்கயிற்றோடு வலை நூலால் இறுக்கிச் சுற்றிக் கட்டிவிடுங்கள். நாள்கணக்கில் கிடக்கிற நங்கூரத்துக்கு இந்தக் கட்டு இல்லாமல் விடாதீர்கள்.

ரோப்புக்காரன்:
கரை வளையத்துக்கு அது வேண்டாம். ஈரத்தில் பாரம் ஏறி இறுகினால் அவிழ்ப்பதற்குள் நகம் போய்விடும். வளையத்தில் இரண்டு சுற்று, தாய்க்கயிற்றில் இரண்டு அரைமுடிச்சு, அவ்வளவுதான். இழுவையைச் சுற்றுகளே தாங்கும், அதனால் படகு இழுத்துக்கொண்டிருக்கும்போதே கட்டவும் அவிழ்க்கவும் முடியும். பவ்லைனில் அது நடக்காது. இரண்டு அரைமுடிச்சும் ஒரே திசையில் போகணும், மாற்றிப் போட்டால் பிடி குறையும்.

இன்னொன்று. எந்த முடிச்சு போட்டாலும் கயிற்றின் பலத்தில் கணிசமான பங்கு போய்விடும். வளையம் துருப்பிடித்துச் சொரசொரப்பாக இருந்தால் அது வேறு அறுக்கும். நிரந்தரமாகக் கிடக்கிற நங்கூரத்துக்கு முடிச்சே வேண்டாம்: திம்பிள் (கயிறு தேயாமல் கண்ணிக்குள் வைக்கிற உலோகக் காடி) வைத்துக் கயிற்று நுனியில் கண்ணி பின்னி, சேக்கிள் (திருகாணியால் பூட்டுகிற U வடிவ இரும்பு) போட்டு, அதன் திருகாணியைக் கம்பியால் கட்டிவிடுங்கள். கம்பி கட்டாத திருகாணி ஆட்டத்தில் தானே கழன்றுவிடும்.

பாரடி:
பார் (கடலடிப் பாறை) உள்ள இடமா? அப்படியானால் தாய்க்கயிற்றை வளையத்தில் கட்டாமல், நங்கூரத்தின் அடிப்பக்கம், கொக்கிகள் சேரும் இடத்தில் ஆங்கர் பென்ட் போடுங்கள். கயிற்றைத் தண்டோடு மேலே கொண்டுவந்து வளையத்தில் மெல்லிய நூலால் மட்டும் கட்டுங்கள். மாட்டிக்கொண்டால் நேர் மேலே நின்று பலமாக இழுங்கள், நூல் அறுந்து நங்கூரம் அடிப்பக்கமாகத் திரும்பி வந்துவிடும். ஆனால் காற்றில் ஆள் இல்லாமல் படகை விட்டுப்போக இந்தக் கட்டு ஆகாது. நூல் தானாக அறுந்தால் பிடி போச்சு.

சிப்பி_07:
வளையம் சின்னது. இரண்டு சுற்று போட்டபின் நுனி அடியில் நுழையவில்லையே?

பாய்மரம்:
சுற்றுகளை விரல் நுழைகிற அளவு லூசாக விட்டுப் பாருங்கள். அப்படியும் இடமில்லை என்றால் மெல்லிய கயிற்றுக்கு மாறாதீர்கள், பெரிய சேக்கிள் ஒன்றை வளையத்தில் மாட்டி அதில் கட்டுங்கள்.